புள்ளி நாலு மோர்

மேனேஜர் நாகப்பன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்துவிட்டு அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மறுபடி முன்பக்கத்துக்கு வந்தார்.

"மோரால பலன் புள்ளி நாலுன்னு போட்டுக்கிறியே, புள்ளி நாலு இன்னாம்மா?"

"புள்ளி நாலுதான் சார்," என்றாள் அமலா.

"அதான், இன்னா புள்ளி நாலு? லிட்டரா, கிலோவா, டம்ளரா?"

"அதுக்கு அளவுப் பேர் கிடையாது சார்."

நாகப்பன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். முப்பது வருஷமாகத் தொழிற்சாலைகளிலேயே கிடக்கிற மனிதர். அவருக்குத் தெரிந்து ஸ்க்ரூவுக்கும் அளவுப் பேர் உண்டு, அதைத் திருகுகிறவனின் சட்டைக்கும் உண்டு. பெயரில்லாத ஓர் அளவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே இருந்தது அந்த மின்விசிறித் தொழிற்சாலை. நான்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுகள், நூற்று அறுபது பேர். இங்கே செய்கிற மின்விசிறி அத்தனையும் லாரியேறி வெளியூர் போய்விடும். செய்கிறவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு மிஞ்சும், வேர்வையைத் துடைக்க. 1991 பங்குனி பிறந்ததுமே மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். யூனியன் தலைவர் எல்லப்பன், கோடை முடிகிறவரை பதினொரு மணிக்கு எல்லோருக்கும் மோர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். சென்னையில் இருந்த தலைமை அலுவலகம், மோரால் என்ன பலன் என்று ஆராய்ந்து ஏப்ரல் முப்பதாம் தேதிக்குள் சொல்லவும் என்று பதில் எழுதியது. மே நாலாம் தேதி கத்திரி ஆரம்பம்.

நாகப்பன் ஆராய்ச்சியை நான்கு ஷெட் சூப்பர்வைசர்களிடம் பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொரு ஷெட்டிலும் பாதிப் பேர் பெயரை லிஸ்ட் போட்டு, பதினைந்து நாள் அவர்களுக்கு மட்டும் ஷெட்டுக்கே வாளியில் மோர். மீதிப் பேருக்குப் பானைத் தண்ணீர். இதுவரை எல்லாம் ஒழுங்குதான். எதை அளப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. பிரஸ் ஷெட்காரர் ஓர் ஆள் ஒரு நாளில் எத்தனை பிளேடு அடித்தான் என்று எண்ணினார். வைண்டிங் ஷெட்காரர் சுற்றின கம்பிக் காயில்களில் எத்தனை குப்பைக்குப் போயிற்று என்று எண்ணினார். பெயின்ட் ஷெட்காரர் மென்மையானவர். சாயங்காலம் ஒவ்வொருவரையும் நிறுத்தி, களைப்புக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவாய் என்று விசாரித்தார். பேக்கிங் ஷெட்காரர் யார் எத்தனை தடவை உட்கார்ந்தான் என்று குறித்து வைத்தார்.

நான்கு தாளும் அமலாவின் மேஜைக்கு வந்தன. புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முடித்து, ஒன்றரை வருஷம் வேலைவாய்ப்பு அலுவலகக் கார்டை மட்டும் புதுப்பித்துக்கொண்டிருந்தவளுக்குக் கிடைத்த முதல் வேலை இது. ஆறு மாதம் டிரெய்னிங். அதுவும் அதே ஏப்ரல் முப்பதோடு முடிகிறது. எனக்குப் புரிகிற மாதிரி ஒரே ஒரு ரிப்போர்ட் கொடு, பெர்மனென்ட் பண்ணுகிறேன் என்று அவள் சேர்ந்த அன்றே நாகப்பன் சொல்லியிருந்தார். அப்போது அது சுலபமான நிபந்தனையாகத் தோன்றியது.

பிளேடையும் காயிலையும் களைப்பையும் உட்காருவதையும் எப்படிக் கூட்டுவது? அமலாவுக்கு இந்த மாதிரிக் கேள்வி கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம். பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்று சேர்க்க ஒரு வழி இருப்பதாகக் கல்லூரியில் பேராசிரியர் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தார். மோர் இல்லாமலேயே ஆளுக்கு ஆள் வேலை கொஞ்சம் ஏறி இறங்கும். ஒவ்வொரு ஷெட்டிலும் அந்த ஏற்ற இறக்கத்தை ஒரு முழம் என்று வைத்துக்கொண்டு, மோர் கொண்டுவந்த வித்தியாசம் அதில் எத்தனை பங்கு என்று பார்ப்பது. அவரவர் முழத்தால் அளந்துவிட்டால் பிளேடும் களைப்பும் ஒரே சாதி. சராசரி போட்டாள். புள்ளி நாலு வந்தது. அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் அவளுக்குக் கால் வலிக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது நாகப்பனுக்கு விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மோரை முழம் போட்டு அளந்துக்கிற. சரி. ஒரு முழத்துல புள்ளி நாலு. அப்போ நூத்துக்கு நாப்பது."

"அப்படி இல்ல சார். இது ஒண்ணுக்கு மேலயும் போகலாம்."

"நூத்துக்கு மேல எவனும் மார்க் வாங்கினதில்லம்மா. நாப்பது. முப்பத்தஞ்சு பாஸு. பார்டர்ல தேறிக்கிது."

தேறிவிட்டதே என்று அமலாவும் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பார்டரில் தேறின மோருக்கு அவ்வளவு தயிர் எதற்கு என்று நாகப்பனுக்குப் பட்டது. ஆராய்ச்சி முடிந்து பதில் வருகிறவரை எல்லோருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்தே அதில் தண்ணீர் இரண்டு பங்கு என்று கேன்டீனுக்கு உத்தரவு போயிற்று. பதினொரு மணிக்கு மோர் வந்தபோது டம்ளரின் அடியில் பொறித்திருந்த கம்பெனிப் பெயரைப் படிக்க முடிந்தது.

கேன்டீன் சமையல்கார லூர்தம்மாள், வாளியும் கையுமாக அமலாவிடமே வந்து நின்றாள். ஐம்பது வயது, பருத்த உடம்பு, யாரிடமும் குரலை உயர்த்தாதவள். இதை மோரென்று சொல்லி ஊற்றக் கூச்சமாக இருக்கிறது, நீ எழுதின ஏதோ ஒரு நம்பரால்தான் இப்படி என்கிறார்களே, அதைக் கொஞ்சம் பெரிதாக எழுதக் கூடாதா என்று கேட்டாள். அமலாவுக்குச் சுருக்கென்றது.

நம்பர் தப்பில்லை, சொன்ன விதம்தான் தப்பு என்று அவள் முடிவு செய்தாள். புள்ளி நாலு என்பதை வேறு எப்படிச் சொன்னால் ஒரு மனிதர் தலைக்குள் போகும்? பஸ்ஸில் எதிர் எதிராக உட்கார்ந்திருந்த இரண்டு பேரைப் பார்த்ததும் வழி கிடைத்தது. மறுநாள் காலை நேராக நாகப்பன் அறைக்குப் போனாள்.

"சார், மோர் குடிச்சவர் ஒருத்தர், குடிக்காதவர் ஒருத்தர்னு கண்ணை மூடிக்கிட்டு ஜோடி ஜோடியா நிறுத்துங்க. நூறு ஜோடியில அறுபத்தொரு ஜோடியில மோர் குடிச்சவர் வேலைதான் மேல இருக்கும்."

"நேத்து நாப்பது, இன்னிக்கி அறுபத்தொண்ணா? ராத்திரியோட ராத்திரியா மோரு ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிட்ச்சா?"

இரண்டும் ஒன்றேதான், சொல்கிற விதம் வேறு என்று அவள் விளக்கினாள். நாகப்பன் முகத்தில் இருந்த சந்தேகம் போகவில்லை. சந்தேகம் வந்தவர்கள் கழித்துப் பார்ப்பார்கள். அவரும் கழித்தார்.

"மீதி முப்பத்தொம்போது?"

"அதுல குடிக்காதவர் மேல சார்."

"மோரைக் குடிச்சும் தோத்துட்டானா? அப்போ முப்பத்தொம்போது பேருக்கு மோரு கெடுதல் பண்ணிக்கிதா?"

பக்கத்து அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்த கலைமணி கடைசி வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு டீக்குப் போனார். பதினொரு மணிக்குள் நான்கு ஷெட்டுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது: மோர் முப்பத்தொன்பது பேருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஆபீசில் பெயரை மறைக்கிறார்கள். பெயின்ட் ஷெட்டில் ஒருவருக்குப் பங்குனியிலிருந்தே முழங்கால் வலி இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இன்னொருவர், எனக்குக் கனவு அதிகமாக வருகிறது என்றார். அன்று மோர் வாளி முக்கால்வாசியும் திரும்பி வந்தது. எல்லப்பன் ஆபீசுக்கு வந்து, மோரைக் கேட்டதே தான்தான் என்பதைச் சுத்தமாக மறந்து, அந்த முப்பத்தொன்பது பேர் யார் யார் என்று தெரிந்தாக வேண்டும், எல்லோருக்கும் டாக்டர் வைத்துப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.

நாகப்பன் அமலாவைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அவளுக்குக் கைவசம் இன்னும் ஒரு வழி இருப்பது நினைவுக்கு வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

"யாருக்கும் கெடுதல் இல்ல சார். இதை வேற மாதிரிச் சொல்றேன். எட்டுப் பேருக்கு மோர் ஊத்தினா, சாதாரணமா டார்கெட்டைத் தொடாத ஒருத்தர் அன்னிக்குத் தொட்டுடுவார். அவ்வளவுதான்."

எல்லப்பனுக்கும் புரிந்தது, நாகப்பனுக்கும் புரிந்தது. அமலாவுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு நாகப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த ஒருத்தன் யாரு?"

"அது யாருன்னு சொல்ல முடியாது சார்."

"இன்னாம்மா இது. ஒருத்தனுக்குத்தான் பலிக்குதுன்னா மீதி ஏழு பேருக்கு எதுக்கு ஊத்தணும்? அந்த ஒருத்தனைக் கண்டுபுடி. அவனுக்கு மட்டும் கெட்டித் தயிராவே குடுத்துடலாம்."

நூற்று அறுபதை எட்டால் வகுத்தால் இருபது. மோர் பலிக்கிற இருபது பேரைத் தேர்ந்தெடுக்கப் போவதாக நோட்டீஸ் போர்டில் மாலையே தாள் ஒட்டியாயிற்று. காலையில் மோரைத் தொடமாட்டேன் என்றவர்கள் எல்லோரும் மறுநாள் காலையில் அமலாவின் மேஜை முன்னால் வரிசையில் நின்றார்கள். பிரஸ் ஷெட் சூப்பர்வைசர் தன் மச்சானுக்கு மோர் பிரமாதமாக வேலை செய்வதாக எழுதிக் கொடுத்தார். ஒருவர் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்திருந்தார். இன்னார் எனக்குச் சிறு வயது முதல் தெரிந்தவர், மோர் குடிக்கத் தகுந்தவர் என்று அதில் இருந்தது. முழங்கால் வலிக்காரர் வலி போய்விட்டது என்றார். நூற்று அறுபது பேர் ஓட்டில் ஜெயித்த எல்லப்பனுக்கு இருபது பேர் பக்கம் பேசுவதா, நூற்று நாற்பது பேர் பக்கம் பேசுவதா என்று தெரியவில்லை. எல்லோரும் போனபிறகு வந்து, குரலைத் தாழ்த்தி, தான் அந்த எட்டில் ஒன்றா என்பதை மட்டும் சொன்னால் போதும் என்றார்.

வைண்டிங் ஷெட்டில் லிஸ்ட் விஷயமாக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலம் நாகப்பன் அமலாவிடம் அதிகம் பேசவில்லை.

"நாளைக்கு முப்பது தேதி. ஒரே வரி குடு. எனக்கும் புரியணும், மெட்ராஸுக்கும் புரியணும், கீழ கீறவனுக்கும் புரியணும். புரிஞ்சப்புறம் யாரும் எதுவும் பண்ணக் கூடாது. முடியாதுன்னா சொல்லிடு, வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அமலா கழிவறையில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அழுதாளா என்றால், ஆமாம், கொஞ்சம். வேலைவாய்ப்பு அலுவலகக் கார்டு இன்னும் கைப்பையில்தான் இருந்தது. ஆனால் அழுகைக்கு நடுவிலும் ஒரு கேள்வி அவளை விடவில்லை. புள்ளி நாலை மார்க்காக்கிக்கொண்டார்கள், ஜோடியை நோயாளியாக்கிக்கொண்டார்கள், எட்டில் ஒன்றைச் சீட்டாக்கிக்கொண்டார்கள். இவர்கள் தங்களுக்குள் எதை வைத்துத்தான் அளக்கிறார்கள்?

ஷிப்ட் விடுகிற நேரம். கேன்டீன் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டாள். ரெண்டு பீடி பிடிக்கிற நேரம்தான் என்றார் ஒருவர். சைரனுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் கீது என்றார் ஒருவர். வல்லக்கோட்டை பஸ் இன்றைக்குக் கால் மணி லேட் என்றார் மூன்றாமவர். சைரனால் உள்ளே வந்து சைரனால் வெளியே போகிற மனிதர்கள். அவர்கள் சண்டை, சலுகை, சமாதானம் எல்லாமே நிமிஷத்தில்தான் நடந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய்க் கால்குலேட்டரை எடுத்தாள். பிரஸ் ஷெட்டில் ஓர் ஆள் எட்டு மணி நேரத்தில் சராசரியாக இருநூற்று நாற்பது பிளேடு அடிக்கிறார். இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று. அந்த ஷெட்டின் முழம் பதினான்கு பிளேடு. அதில் புள்ளி நாலு என்றால் ஐந்தரைக்குக் கொஞ்சம் மேல். ஐந்தரை பிளேடு அடிக்கிற நேரம் பதினொரு நிமிஷம். நான்கு ஷெட்டின் முடிவையும் ஒரே பிரஸ் ஷெட் கணக்கில் மாற்றி, தாளில் ஒரே வரி எழுதினாள்: மோர் கொடுப்பது, ஒவ்வொருவரும் தினமும் பதினொரு நிமிடம் கூடுதலாக வேலை செய்வதற்குச் சமம்.

மறுநாள் காலை நாகப்பன் அதைப் படித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முள் ஒரு சுற்று சுற்றும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதை மொதல்லியே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார் கடைசியில்.

எல்லப்பனுக்கும் ஒரு பிரதி போயிற்று. அவர் நூற்று அறுபதைப் பதினொன்றால் பெருக்கி, ஒரு நாளைக்கு இருபத்தொன்பது மணி நேரம் தொழிலாளிகள் கம்பெனிக்கு அள்ளிக் கொடுப்பதாகக் கண்டுபிடித்தார். கொடுக்கிறவன் கையில் ஒரு டம்ளர் மோராவது இருக்க வேண்டாமா என்று கேட் கூட்டத்தில் கேட்டார். பலத்த கைதட்டல். இருபது பேர் பற்றிய தாளை நோட்டீஸ் போர்டிலிருந்து யாரோ கிழித்துவிட்டார்கள்; யாரென்று நாகப்பன் விசாரிக்கவில்லை. சட்டையைப் பிடித்துக்கொண்ட இருவரும் ஒரே சைக்கிளில் வீட்டுக்குப் போனார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. பதினொரு நிமிஷம் என்றதும் தலைமை அலுவலகத்துக்கும் மறு பேச்சில்லை. கத்திரி முழுக்க எல்லோருக்கும் மோர், கெட்டியாக. மற்ற இரண்டு ஊர்த் தொழிற்சாலைகளிலும் இதே பதினொரு நிமிஷத்தை நம்பி மோர் கொடுக்கப் போகிறார்களாம். இவ்வளவு தெளிவாக எழுதின பெண் யார் என்று விசாரித்தார்களாம். நாலு மணிக்குக் கலைமணி அமலாவின் பெர்மனென்ட் ஆர்டரை டைப் அடித்து, நாகப்பனிடம் கையெழுத்து வாங்கி, நீட்டாக மடித்துக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் பஸ்ஸுக்குப் போயிருக்க வேண்டும். மேஜை மேல் நான்கு தாளும் கிடந்தன. எடுத்து அடுக்கும்போது ஒரு சின்ன விஷயம் உறுத்தியது. புள்ளி நாலு என்பது சராசரிதான். ஷெட்டுக்கு ஷெட் அது ஒன்றாக இல்லை. பிரஸ்ஸிலும் பெயின்ட்டிலும் புள்ளி நாலு. வைண்டிங்கில் புள்ளி இரண்டுதான். பேக்கிங்கில் புள்ளி ஆறு. நிமிஷமாக மாற்றிப் பார்த்தாள். வைண்டிங்கில் ஐந்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல், பேக்கிங்கில் கால் மணிக்கு மேல். ஒரே மோர், ஒரே டம்ளர், ஒரே பதினொரு மணி. வைண்டிங்காரர் வயிற்றுக்குள் போன மோர் பேக்கிங்காரர் வயிற்றில் மட்டும் எப்படி மூன்று மடங்கு வேலை செய்கிறது?

இனிமேல் இது யாருக்கும் தேவையில்லாத கேள்வி. ஆர்டர் பைக்குள் இருக்கிறது. ஆனால் தேவையில்லாத கேள்வியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பெண்ணாக இருந்தால் அவள் புள்ளியியல் படித்திருக்கவே மாட்டாள்.

கேன்டீனில் லூர்தம்மாள் நாளைய மோருக்கு இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்தாள். அமலாவைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு டம்ளர் கெட்டி மோர் எடுத்துக் கொடுத்தாள். வேலை நிரந்தரமானதைக் கேள்விப்பட்டு, மாதா காப்பாத்திட்டா என்று சிலுவை போட்டுக்கொண்டாள். அமலா ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"லூர்தக்கா, ஆராய்ச்சி நடந்தப்போ பேக்கிங் ஷெட்டு வாளியில மட்டும் ஏதாவது கூடப் போட்டீங்களா?"

"எல்லாம் ஒரே மோருதான் கண்ணு. ஏன், எவனாவது கொறை சொன்னானா?"

"கொறை இல்லக்கா. வைண்டிங் ஷெட்டுல மோர் குடிச்சவங்களுக்கும் குடிக்காதவங்களுக்கும் அவ்வளவா வித்தியாசம் இல்ல, பேக்கிங் ஷெட்டுல மட்டும் குடிக்காதவங்க ரொம்பப் பின்தங்கிட்டாங்க. அதான் ஏன்னு பாக்கறேன்."

லூர்தம்மாள் இஞ்சியைக் கீழே வைத்தாள். வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அமலாவின் காதருகே குனிந்தாள்.

"குடிக்காதவங்கன்னு யாரு கண்ணு இருந்தாங்க, பாதிப் பேர் குடிக்க மீதிப் பேர் வாயைப் பாத்துகினு நிக்கறது எனக்கு மனசு கேக்காம லிஸ்டுல இல்லாத அத்தினி பேரையும் பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு கிச்சன் பின்னால வரச் சொல்லி ஊத்திகினுதானே இருந்தேன், வைண்டிங் ஆளுங்க பக்கத்துலயே கீறதால அஞ்சு நிமிஷத்துல குடிச்சிட்டுப் பூடுவாங்க, பேக்கிங் ஷெட்டுலேர்ந்து வெயில்ல நடந்து வந்து போவத்தான் பாவம், கால் மணி ஆயிடும்."